பழைய ஃபைலில் தமிழ் குப்பையாகத் தெரிந்தால் எழுத்து அழிந்துவிட்டதா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 1998-லிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் எழுதிய கட்டுரைகள் வேர்டு ஃபைல்களாக ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. புது லேப்டாப்பில் போட்டுத் திறந்தால் தமிழைக் காணோம். ஆங்கில எழுத்தும் குறிகளுமாகப் பக்கம் பக்கமாக வருகிறது. சர்வீஸ் கடைக்காரர் “வைரஸ் அடித்திருக்கிறது, ஃபைல் கரப்ட்” என்றாராம். மீட்க வழி உண்டா, தமிழுக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவலி என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்டவரை, அப்பாவின் எழுத்து போய்விட்டதா இல்லையா என்பதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், போகவில்லை. வைரஸும் இல்லை. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளின் காலத்திலிருந்து புத்தகம் கட்டும் வேலையில் இருக்கிறேன். இப்போது என் வேலையில் பாதி, இப்படிப்பட்ட ஃபைல்களை யூனிகோடுக்கு, அதாவது இன்று எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துமுறைக்கு, மாற்றிக் கொடுப்பதுதான்.

நடந்தது இதுதான். அந்த ஃபைலுக்குள் தமிழ் எழுத்து என்று எதுவும் எப்போதுமே இருந்ததில்லை. அன்று நமக்குக் கிடைத்த ஃபான்ட்களில் மொத்தம் 256 இடங்கள். அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் உரியது. ஃபான்ட் செய்தவர்கள் ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். உதாரணமாக பாமினி ஃபான்டில் ‘தமிழ்’ என்று அடித்தால், ஃபைலுக்குள் பதிவாவது சின்ன ஜே, சின்ன கே, சின்ன பி, சின்ன ஓ, அரைப்புள்ளி. ஜே இருந்த இடத்தில் த-வின் படம், கே இடத்தில் ம, பி இடத்தில் இகரக் கொக்கி, ஓ இடத்தில் ழ, அரைப்புள்ளி இடத்தில் மெய்ப்புள்ளி. பாமினி இருக்கும் கம்ப்யூட்டரில் திறந்தால் ‘தமிழ்’ தெரியும். இல்லாத கம்ப்யூட்டரில் அந்த நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். ஃபைல் இரண்டிலும் ஒன்றேதான், ஒரு பைட்டும் மாறவில்லை. பூட்டிய பெட்டி பத்திரமாக இருக்கிறது, சாவி மட்டும் பழைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது.

எல்லாக் குப்பையும் ஒரே குப்பை இல்லை. திரையில் தெரிவதை உற்றுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வெறும் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறிகளும் மட்டும் தெரிந்தால் பாமினி வகை. தலையில் கோடும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள், பின்னக் குறிகள், நாணயக் குறிகள் நிறைய வந்தால் திஸ்கி, டாப், டாம் போன்ற பழைய தமிழ் எழுத்துமுறைகளில் ஒன்று. திஸ்கியில் ‘தமிழ்’ என்பது முக்கால் பின்னக் குறியில் தொடங்கும், நடுவில் ஒரு சென்ட் குறியும் வரும். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ-யும் வட்டத்துக்குள் ஆர் குறியும் திரும்பத் திரும்ப ஜோடியாக வந்தால் அது பழைய ஃபான்ட் சிக்கலே இல்லை. யூனிகோடில் இருக்கும் தமிழை மென்பொருள் தவறான முறையில் படிக்கிறது. எக்ஸெலில் சிஎஸ்வி ஃபைலை நேரடியாகத் திறந்தால் அடிக்கடி நடப்பது இது. யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தை ஃபைலில் பதியும் முறை) என்று சொல்லித் திறந்தால் சரியாகிவிடும். வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு வகை மட்டும் கையை விரிக்க வேண்டியது: வரிசையாகக் கேள்விக்குறிகள். எப்போதோ யாரோ தமிழ் ஏற்காத முறையில் சேமித்திருக்கிறார்கள் என்று பொருள். ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாறிப் பதிவான பிறகு, எது எந்த எழுத்து என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. நீங்கள் சொல்வதில் கேள்விக்குறி வரிசை இல்லாததால்தான் இவ்வளவு நம்பிக்கையாகப் பேசுகிறேன்.

இனி செய்ய வேண்டியது. முதலில் எல்லா ஃபைலையும் அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். அதைத் தொடவே வேண்டாம். அடுத்து, தயவுசெய்து முழுவதையும் தேர்வு செய்து லதா, நிர்மலா போன்ற யூனிகோடு ஃபான்டுக்கு மாற்றிப் பார்க்காதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான், நிஜமாகக் கேடு வருவதும் இதில்தான். அப்படி மாற்றுவதால் தமிழ் வராது. அந்த ஃபைல் எந்த ஃபான்டில் அடிக்கப்பட்டது என்ற ஒரே துப்பும் சேமித்த கணத்தில் அழிந்துவிடும். ஃபான்ட் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் அதன் பெயரை வேர்டு நினைவில் வைத்திருக்கும். குப்பைக்கு நடுவில் கர்சரை வைத்தால் மேலே ஃபான்ட் பெட்டியில் பெயர் தெரியும். அங்கே பாமினி என்று இருக்கலாம், டாப் அல்லது டாம் என்று தொடங்கும் பெயர் இருக்கலாம், வானவில், ஸ்ரீலிபி, சன் டாமி என்று ஏதாவது இருக்கலாம். ஒரே ஃபைலில் தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என்று இரண்டு மூன்று இருப்பதும் சகஜம், அதனால் நான்கைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் இன்னும் உயிரோடு இருந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் அதன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாக நகல் எடுத்துவிடுங்கள்.

பெயர் தெரிந்துவிட்டால் மாற்றுவது சுலபம். பாமினி, திஸ்கி, டாப், டாம், வானவில் போல அதிகம் புழங்கியவற்றுக்கு இலவசக் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் பலருக்கும் பழக்கமானது, இணையப் பக்கத்திலேயே ஒட்டி மாற்றும் கருவிகளும் நிறைய. ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டருக்கு ஃபான்ட் தெரியாது, எழுத்து வரிசைதான் தெரியும். பாமினி கட்டுரைக்கு நடுவில் அப்பா டைம்ஸ் நியூ ரோமனில் ஓர் ஆங்கிலப் பெயரை அடித்திருந்தால், அதையும் பாமினி என்றே நினைத்து வாயில் நுழையாத தமிழாக மாற்றிவிடும். வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்து எதுவும் போடாமல் ஃபான்டை மட்டும் குறிப்பிட்டுத் தேடினால், அந்த ஃபான்டில் உள்ள எல்லாம் ஒன்றாகத் தேர்வாகும். ஆங்கிலப் பகுதிகளை அப்படித் தேர்ந்து சிவப்பு நிறம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மாற்றிய பிறகு எதைப் பழைய ஃபைலிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும்.

மாற்றி முடித்ததும் பக்கம் முழுக்க அழகான தமிழ் வரும், வேலை முடிந்தது என்று தோன்றும். கவனமாக இருக்க வேண்டிய இடமே அதற்குப் பிறகுதான். பழைய முறையில் கண்ணுக்கு எது சரியாகத் தெரிந்ததோ அதுதான் சரி. ரகரமும் துணைக்காலும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால், ‘ர்’ அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைத்துவிடும் பழக்கம் டைப்ரைட்டர் காலத்திலிருந்தே வந்தது. ‘அவர்’ என்று தெரியும். உள்ளே இருப்பது வ-வுக்குப் பின் துணைக்காலும் புள்ளியும். கன்வெர்ட்டர் அதை விசுவாசமாக ‘அவா்’ என்று மாற்றித் தரும். அதைக் கண் பிடிக்காது, தேடல் பிடித்துவிடும்: ‘அவர்’ என்று தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. இதைத் தயங்காமல் மொத்தமாக மாற்றலாம், ஏனென்றால் துணைக்காலுக்குப் பின்னால் புள்ளியோ இகர, ஈகாரக் கொக்கியோ தமிழில் எங்கும் வராது. ‘ா்’ எல்லாம் ‘ர்’, ‘ாி’ எல்லாம் ‘ரி’, ‘ாீ’ எல்லாம் ‘ரீ’. இது உறுதி.

ஔகாரம் அவ்வளவு உறுதி இல்லை. ‘மௌனம்’ என்பதைப் பழைய ஃபான்டில் ஒற்றைக்கொம்பு, ம, ள என்றுதான் அடிப்பார்கள். ‘தெளிவு’ என்பதையும் ஒற்றைக்கொம்பு, த, ள வகை எழுத்து என்றுதான் அடிப்பார்கள். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்று. எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்றினால் தெளிவும் வெள்ளமும் வெளியும் கெட்டுப்போகும், மாற்றாமல் விட்டால் கௌரவமும் பௌர்ணமியும் கெட்டபடியே நிற்கும். ள-வின் மேல் புள்ளியோ கொக்கியோ இருந்தால் அது ளகரம்தான், விட்டுவிடுங்கள். மொட்டையாக நிற்கும் ள பெரும்பாலும் ஔகாரத்தின் பின்பாதி. இந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்காகவே ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து மாற்றச் சொல்கிறேன். இன்னொன்றும் வரும். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் பழக்கம் வேர்டுக்கு உண்டு. பாமினியில் சின்ன ஜே என்றால் த, பெரிய ஜே என்றால் து. அதனால் பத்தி தொடக்கத்தில் ‘தமிழ்’ என்று அடித்தது ‘துமிழ்’ ஆகவும், ‘மக்கள்’ என்று அடித்தது ‘முக்கள்’ ஆகவும் அந்தக் காலத்திலேயே பதிவாகியிருக்கும். அது கன்வெர்ட்டரின் பிழை இல்லை. பத்திகளின் முதல் சொற்களை மட்டும் ஓட்டமாகப் பார்த்தாலே முக்கால்வாசி அகப்பட்டுவிடும்.

ஏன் தமிழுக்கு இப்படி என்ற உங்கள் இரண்டாவது கேள்வியில் ஒரு வருத்தம் தெரிகிறது, நியாயமான வருத்தம். ஆனால் சோம்பேறித்தனத்தால் வந்த வினை இல்லை இது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, பெரியது சின்னது சேர்த்து 52. நமக்கு 247. அதைச் சுருக்கி, கொம்பையும் காலையும் கொக்கியையும் தனித்தனியாக வைத்தாலும், உகர ஊகார வரிசை ஒவ்வொரு மெய்க்கும் ஒவ்வொரு வடிவமாகத் திரும்பிவிடுகிறது. அதற்கு மட்டும் 36 இடம். புள்ளி வைத்த மெய்கள், கிரந்த எழுத்துகள் எல்லாம் சேர்ந்தால், ஆங்கிலம் விட்டுவைத்த மிச்ச இடத்தில் அடங்குவது கஷ்டம். எதை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக முடிவெடுத்தது. ஒன்றின் ஃபைல் இன்னொன்றில் திறக்காததை வியாபாரத்துக்கு நல்லது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

இணையம் வந்ததும் இதன் விலை தெரிந்தது. 1997-ல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு நடந்தது. 1999-ல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாட்டரசு டாப், டாம் என்ற இரண்டையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. அதே காலத்தில், உலகம் முழுக்கச் சிதறியிருந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்துத் திஸ்கியை உருவாக்கினார்கள். மதுரைத் திட்டத்தின் சங்க இலக்கிய மின்பதிப்புகளை அன்று நாம் படித்தது திஸ்கியில்தான். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினி வேரூன்றிவிட்டது. ஆக, ஒன்றுக்குப் பதில் நான்கு தரங்கள். இத்தனைக்கும் யூனிகோடின் 1991-ம் ஆண்டு முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதைத் திரையில் காட்ட விண்டோஸுக்கு 2000-ம் ஆண்டுப் பதிப்பு வரை ஆயிற்று. எக்ஸ்பி-யில்கூட ஒரு கட்டத்தை டிக் செய்து சிடியைப் போட்டால்தான் கொம்பும் காலும் இடத்தில் உட்காரும். 2010-ல்தான் தமிழ்நாட்டரசு யூனிகோடையும், அதோடு டேஸ்16 என்ற 16 பிட் முறையையும் ஆணையிட்டு ஏற்றது. யூனிகோடில் உயிர்மெய்க்குத் தனி இடம் இல்லை, க-வும் கொக்கியும் சேர்ந்துதான் ‘கி’ ஆகிறது, இது தமிழ் இலக்கணத்துக்குப் பொருந்தாது என்று வாதிட்டவர்கள் நம் மொழியின் மேல் அக்கறை உள்ளவர்கள்தான். அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. ஆனாலும் போனும் தேடுபொறியும் திரை வாசிப்பானும் ஒன்றாகப் புரிந்துகொள்வது யூனிகோடு ஒன்றைத்தான். அந்தக் காரணம் ஒன்றே எனக்குப் போதும்.

அச்சகங்களும் டிடிபி கடைகளும் இன்றும் பழைய ஃபான்டை விடாததற்குக் காரணம் பழக்கம் மட்டும் இல்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001-ல். அதற்கு யூனிகோடே தெரியாது. அதில் கட்டிய புத்தகங்கள் மறுபதிப்புக்கு வரும்போதெல்லாம் அதே ஃபைல்தான் திறக்கப்படுகிறது. அழைப்பிதழுக்கும் போஸ்டருக்கும் வேண்டிய கொழுத்த, வளைந்த எழுத்து வடிவங்கள் பல இன்னும் பழைய முறையில் மட்டுமே கிடைக்கின்றன. இதெல்லாம் எனக்குப் புரிகிறது, நானே தினமும் அந்தக் கடைகளோடு வேலை செய்கிறேன். ஆனால் ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பை, ஓர் அரசாணையைப் பழைய ஃபான்டில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் போடும்போது, பார்வையற்ற ஒருவர் அதைத் திரை வாசிப்பானில் திறந்தால் அது “ஜே, கே, பி, ஓ” என்று ஆங்கில எழுத்துகளைத்தான் வாசிக்கும். அவருக்கான அறிவிப்பு அவர் கைக்கு வந்தும் அவரால் படிக்க முடிவதில்லை. இதற்குச் சமாதானம் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

பிடிஎஃப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் “எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி வைத்துவிடவா?” என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கண்ணால் பார்க்க, அச்சடிக்க அது நல்லது. ஃபான்டைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வதால் எழுத்தின் வடிவம் எங்கும் மாறாது. ஆனால் அதன் முதல் வேலை எந்த வடிவத்தை எந்த இடத்தில் வரைவது என்பதுதான். எந்த வடிவம் எந்த எழுத்து என்ற அட்டவணை உள்ளே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். யூனிகோடில் செய்த பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால்கூட ‘கொடி’ என்பது கொம்பு முன்னே, க பின்னே என்று பிய்ந்து வருவது அதனால்தான். ஆகவே பிடிஎஃப் ஒரு பிரதியாக இருக்கட்டும், ஒரே பிரதியாக வேண்டாம். அதே சமயம், அப்பாவின் கட்டுரைகளில் எதற்காவது அந்தக் காலத்துப் பிடிஎஃபோ அச்சான இதழோ கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். மாற்றியதைச் சரிபார்க்க அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஃபான்ட் பெயர் தெரியாமல் எல்லா வழியும் அடைபட்டால், அச்சுப் பக்கத்தைத் தெளிவாக ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்தாக்கித் தரும். நல்ல அச்சில் தமிழும் நன்றாகவே வருகிறது. மங்கிய தாள், அட்டவணை, இரண்டு பத்தி இதழ்ப் பக்கம் என்றால் திருத்த வேலை கூடும்.

என்னால் இங்கிருந்து சொல்ல முடியாதது ஒன்று உண்டு: உங்கள் ஃபைல்கள் எந்த ஃபான்டில் இருக்கின்றன என்பது. பாமினி என்று ஊகிக்கிறேன், நீங்கள் ஒட்டிய ஒரு வரியில் கமா பல சொற்களின் தொடக்கத்தில் வருகிறது; பாமினியில் கமா இருக்கும் இடத்தில்தான் இ இருக்கிறது. ஆனால் ஒரு வரியை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஃபான்ட் பெட்டியில் தெரியும் பெயரையும், இன்னும் நான்கைந்து வரிகளையும் இங்கேயே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். சில ஃபைல்கள் வேர்டில் திறக்கவே இல்லை என்றீர்களே, அவை பேஜ்மேக்கர் ஃபைல்களாக இருந்தால் லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள். பக்க அமைப்பு கலைந்தாலும் எழுத்து கிடைக்கும், நமக்கு வேண்டியது அதுதானே.

அப்பா இன்னும் எழுதுகிறார், ஆனால் “இந்த வயதில் புது கீபோர்டு கற்க முடியாது” என்று பாமினியை விட மறுக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். விரல் எந்தக் கட்டையைத் தட்டுகிறது என்பது வேறு, ஃபைலில் என்ன பதிவாகிறது என்பது வேறு. என்ஹெச்எம் ரைட்டர், அழகி போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசைமுறையும் உண்டு, பழைய டைப்ரைட்டர் முறையும் உண்டு. அப்பா வழக்கம்போல ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டட்டும், பதிவாவது யூனிகோடுத் தமிழாக இருக்கும். நிறுவியதும் முதலில் வேர்டில் புதிதாக எழுதும் ஃபைலுக்கு ஃபான்டை நிர்மலாவுக்கு மாற்றி, முதல் எழுத்தைப் பெரிதாக்கும் அந்த ஆட்டோ கரெக்ட் வசதியையும் அணைத்து வைத்துவிடுங்கள்.